வாடகை வீட்டுக்கு ஃபெங் சுய்: எதை மாத்தலாம், எதுக்கு காசு கொடுக்க வேண்டாம்?

புது வேலை, புது ஊர், பல வாரத் தேடலுக்குப் பிறகு ஒருவழியாக ஒரு 1பிஹெச்கே. அட்வான்ஸ், புரோக்கர் கமிஷன், லாரி வாடகை எல்லாம் கொடுத்து முடித்து மூச்சு விடும்போதுதான் வீட்டு வாட்ஸ்அப் குரூப்பில் அந்த மெசேஜ் வரும். "தெற்கு பார்த்த வாசலா? யார்கிட்டயாவது ஒரு தடவை காட்டிடேன்!" நீங்களும் சும்மா ஒருமுறை தேடிப் பார்ப்பீர்கள். அவ்வளவுதான். மூன்று கால் தவளை, சிரிக்கும் புத்தர், கிரிஸ்டல் உருண்டை என்று போன் முழுக்க விளம்பரம்.

வாங்குவதா, வேண்டாமா? சுருக்கமான பதில் இதுதான்: ஃபெங் சுய்யில் உங்கள் வீட்டுக்கு உதவக்கூடிய விஷயங்களுக்குப் பெரும்பாலும் செலவே இல்லை. காசு கேட்கும் பொருட்கள் பெரும்பாலும் உதவுவதில்லை. ஏன் என்று பார்க்கலாம்.

ஃபெங் சுய் என்றால் என்ன?

சீன மொழியில் 'ஃபெங்' என்றால் காற்று, 'சுய்' என்றால் நீர். ஆரம்பத்தில் இது வீட்டு அலங்காரத்துக்கானது அல்ல. முன்னோரைப் புதைக்க நல்ல இடம் பார்க்கும் முறையாகவே இது எழுத்தில் வந்தது. 4-ம் நூற்றாண்டில் வாழ்ந்த கூவோ பூ என்ற அறிஞரின் பெயரில் வழங்கும், சமாதி அமைப்பது பற்றிய நூல் இதன் அடிப்படை நூல்களில் ஒன்று. 'ச்சீ' என்ற உயிர்ச்சக்தி நிலத்தில் ஓடுகிறது, காற்று அதைக் கலைக்கும், நீர் அதை நிறுத்தி வைக்கும் என்பது அதன் மையக் கருத்து.

முதுகுப் பக்கம் மலை, முன்னால் நீர், தெற்கு பார்த்த வாசல். ஃபெங் சுய்யின் லட்சிய வீடு இதுதான். காரணம் எளிது. வட சீனாவில் குளிர்காலத்தில் வடக்கிலிருந்து கடுங்குளிர் காற்று வீசும். மலை அதைத் தடுக்கும், தெற்கு வாசல் வெயிலை உள்ளே விடும். அந்த ஊருக்கு அது சரியான கட்டடப் பாடம். மற்றபடி, 'ச்சீ'யை இதுவரை எந்தக் கருவியும் அளந்ததில்லை. அது நம்பிக்கை சார்ந்த விஷயம்.

வாஸ்துவும் இதுவும் ஒண்ணா?

இல்லை. பல இடங்களில் நேர் எதிர். வாஸ்து பார்ப்பவர்கள் பலர் தயங்கும் தெற்கு வாசல்தான் ஃபெங் சுய்க்குப் பிடித்த வாசல். வாஸ்துவின் ஐந்து பூதங்கள் நிலம், நீர், நெருப்பு, காற்று, ஆகாயம். ஃபெங் சுய்யில் மரம், நெருப்பு, மண், உலோகம், நீர். தென்கிழக்கு நமக்கு அக்னி மூலை, அடுப்புக்கு உரிய இடம். ஃபெங் சுய்யில் அது செல்வ மூலை.

ஃபெங் சுய்க்குள்ளேயே கூட ஒற்றுமை இல்லை. திசைகாட்டி வைத்துப் பார்க்கும் மரபில் செல்வ மூலை தென்கிழக்கு. லின் யுன் என்பவர் 1980களில் அமெரிக்காவில் பரப்பிய முறையிலோ திசையே பார்ப்பதில்லை. வாசலில் நின்று உள்ளே பார்த்தால், இடது பக்கம் கடைசியில் எந்த மூலை இருக்கிறதோ அதுதான் செல்வ மூலை. ஆக, இரண்டு நிபுணர்களைக் கூப்பிட்டால் ஒரே வீட்டில் பண மூலை இரண்டு இடத்தில் இருக்கும். யாராவது திசை சொல்லி பயமுறுத்தினால், "எந்த முறைப்படி சொல்றீங்க?" என்று கேட்டுப் பாருங்க.

எதையெல்லாம் தாராளமா செய்யலாம்?

கட்டில்: படுத்திருக்கும்போது கதவு கண்ணில் படணும், ஆனா கதவுக்கு நேராகக் கால் நீட்டக் கூடாது, தலைப்பக்கம் சுவர் இருக்கணும் என்கிறது ஃபெங் சுய். செய்து பாருங்க. ஹாலில் நண்பர் லைட் போட்டால் நேராக உங்கள் முகத்தில் அடிக்காது. யார் வருகிறார்கள் என்பதும் தெரியும். தூக்கத்துக்கு இது நல்லதுதான்.

கண்ணாடி: கட்டிலுக்கு எதிரே வேண்டாம் என்பார்கள். அரைத்தூக்கத்தில் அசைவு தெரிந்து திடுக்கிடாமல் இருக்க அது உதவும். அதே கண்ணாடியை ஜன்னலுக்குப் பக்கத்துச் சுவரில் மாட்டினால் அறையின் இருட்டுப் பகுதிக்கு வெளிச்சம் போகும்.

மேசை: முதுகுக்குப் பின்னால் சுவர், ஜன்னல் பக்கவாட்டில். ஜன்னலை முதுகில் வைத்தால் வீடியோ காலில் உங்கள் முகம் இருட்டடிக்கும். நேரெதிரே வைத்தால் கண் கூசும்.

வாசல்: இதை 'ச்சீ'யின் வாய் என்கிறது ஃபெங் சுய். செருப்பு, ஹெல்மெட், டெலிவரி அட்டைப்பெட்டிகளை எடுத்துட்டு, கதவு முழுசா திறக்கிற மாதிரி வைங்க. தீ விபத்து நேரத்தில் நீங்கள் ஓட வேண்டிய வழியும் அதுதான்.

ஒழுகும் குழாய்: பணம் ஒழுகும் என்பார்கள். டேங்கர் தண்ணீருக்குக் காசு கொடுக்கும் அபார்ட்மென்ட்டில் அது நிஜமாகவே ஒழுகுகிறது. வாஷரை மாத்துங்க.

எங்கே கேட்கக் கூடாது?

வாசலும் ஜன்னலும் ஒரே நேர்கோட்டில் இருந்தால் சக்தி ஓடிவிடும், நடுவில் தடுப்பு வைங்க என்பது ஒரு விதி. குளிர் நாட்டுக்கு அது பொருந்தலாம். நம் வெக்கைக்கு அந்த நேர்கோடு ஒரு வரம். செட்டிநாட்டு வீடுகளில் முன்வாசலில் நின்றால் பின்வாசல்வரை தெரியும். காற்று ஒரு பக்கம் நுழைந்து மறுபக்கம் வெளியேறத்தான் அந்த அமைப்பு. தடுப்பு எதுவும் வைக்காமல், அதிகாலையிலும் பொழுது சாய்ந்த பிறகும் இரண்டு பக்கமும் திறந்து விடுங்க. டெல்லி, குருகிராமில் இருப்பவர்கள் மட்டும் குளிர்காலத்தில், புகைமூட்டம் சற்று விலகும் பிற்பகலில் திறக்கலாம்.

அடுத்தது 'லக்கி பேம்பூ'. அது மூங்கிலே இல்லை, மத்திய ஆப்பிரிக்காவைச் சேர்ந்த டிரசீனா செடி. அழகுக்கு வைப்பதில் தப்பில்லை. ஆனால் 2001-ல் சீனாவிலிருந்து கலிபோர்னியாவுக்குக் கப்பலில் போன இந்தச் செடிகளோடு, டெங்கு பரப்பும் ஏடிஸ் வகைக் கொசுவும் போய் இறங்கியது. மணி பிளான்ட் பாட்டிலுக்கும் இது பொருந்தும். வாரம் ஒருமுறை தண்ணீரை மாற்றி, பாட்டிலின் உட்புறத்தைத் தேய்த்துக் கழுவுங்க. கொசு முட்டை பாட்டிலின் உட்சுவரில் ஒட்டியிருக்கும், தண்ணீரை மட்டும் கொட்டினால் போகாது. வீட்டில் பூனை, நாய் இருந்தால் எட்டாத இடத்தில் வைங்க. டிரசீனா அவற்றுக்கு நஞ்சு.

"செடி வைத்தால் காற்று சுத்தமாகும்" என்பதற்கு 1989-ல் வந்த நாசா ஆய்வைக் காட்டுவார்கள். அது மூடிய சிறு பெட்டிகளுக்குள் நடந்த சோதனை. வழக்கமான காற்றோட்டம் செய்யும் வேலையைச் செடிகள் செய்ய வேண்டுமானால், ஒரு சதுர மீட்டருக்குக் குறைந்தது 10 செடியாவது வேண்டும் என்று 2019-ல் வெளியான ஓர் ஆய்வு கணக்கிட்டது. 100 சதுர அடி அறைக்குக் கிட்டத்தட்ட 90 செடி! ஜன்னலைத் திறப்பது சுலபம்.

குறைந்த செலவில் வேறு என்ன பண்ணலாம்?

முதலில் லைட். பல வாடகை வீடுகளில் எல்லா அறையிலும் ஒரே வெள்ளை டியூப்தான் இருக்கும். எல்இடி பல்பு டப்பாவில் 'கே' என்று ஓர் எண் இருக்கும், பாருங்க. 6500 என்றால் நீலம் கலந்த வெள்ளை, வேலை பார்க்க சரி. படுக்கை அறைக்கு 2700 முதல் 3000 வரை உள்ள 'வார்ம் ஒயிட்' பல்பு வாங்கி, மூலையில் ஒரு சின்ன லேம்ப்பில் போடுங்க. ராத்திரி டியூபை அணைத்துவிட்டு அதை மட்டும் எரியவிட்டால் அறையே மாறிவிடும்.

அடுத்து அளவு. பத்துக்குப் பத்து அறை என்று வைத்துக்கொள்வோம். குயின் சைஸ் மெத்தை 5 அடி அகலம், ஆறரை அடி நீளம். சுவரின் நடுவில் போட்டால் இரு பக்கமும் இரண்டரை அடி மிஞ்சும். கால்மாட்டில் மூன்றரை அடி. அங்கே 2 அடி ஆழமுள்ள பீரோ வந்தால் ஒன்றரை அடிதான் மீதி. பீரோ கதவு கட்டிலில் இடிக்கும். எதையும் ஆர்டர் பண்றதுக்கு முன்னாடி மாஸ்கிங் டேப்பால் அதன் அளவைத் தரையில் ஒட்டி, இரண்டு நாள் நடந்து பாருங்க.

மூன்றாவது சுவர். ஆணி அடிக்கும் முன் ஓனரிடம் வாட்ஸ்அப்பில் எழுத்தாகவே அனுமதி வாங்கிடுங்க. குடி வந்த அன்றே எல்லாச் சுவரையும் போட்டோ எடுத்து வைங்க. காலி பண்ணும்போது அட்வான்ஸில் எவ்வளவு பிடிப்பது என்ற பேச்சு வந்தால் கைகொடுப்பது அந்த போட்டோக்கள்தான்.

வீட்டில் கவலைப்பட்டால்?

அம்மா சொல்கிறார் என்று கட்டிலைத் திருப்பிப் போடுவதில் நஷ்டம் எதுவுமில்லை, அவருக்கும் நிம்மதி. ஆனால் வெளிச்சம், காற்று, தண்ணீர், ஆபீஸ் தூரம் எல்லாம் சரியாக அமைந்த வீட்டை, வாசல் திசைக்காக மட்டும் விட்டுவிடாதீங்க. திரும்பவும் புரோக்கர், திரும்பவும் லாரி, பழைய அட்வான்ஸில் பிடித்தம் என்று செலவு உங்கள் தலையில்தான் விழும். ஆயிரக்கணக்கில் பணம் கேட்டு 'பரிகாரம்' சொல்பவரிடம், "பலன் இல்லைன்னா பணம் திரும்பத் தருவீங்களா?" என்று கேளுங்க.

மூன்று கால் தவளை? பார்க்க அழகாக இருந்தால் வாங்கி வைங்க. பயந்து மட்டும் வாங்காதீங்க.