ஓநாயும் சின்கோனா மரமும்

செஞ்சிக் கோட்டைப் பாறைகள் நண்பகலில் எவ்வாறு தகிக்கும் என்பதை வல்லத்துக்காரனான நான் நன்கறிவேன். அவ்வெயிலில் களை பறித்த என் உறவுப் பெண்ணொருத்தியின் மூக்கின் மீதும் கன்னங்களிலும், வண்ணத்துப்பூச்சி சிறகு விரித்தாற்போல் செந்தடிப்பு எழுந்தது. தொழுநோய் என்றெண்ணிய வீட்டார் அவளுக்குத் தனிக் குவளை வைத்தனர். நோய் அதுவன்று, ஒட்டிக்கொள்வதும் அன்று.

லூபஸ் என்பது அதன் பெயர். இலத்தீனில் ஓநாய் என்று பொருள். ஓநாய் கடித்தாற்போன்ற புண்களுக்கு இடைக்கால ஐரோப்பியர் இட்ட பெயர் அது. (மருத்துவரும் ஒருவகைப் புலவர்தாம்!) இந்நோய் தோலோடு நில்லாது, உடல் முழுவதையும் தாக்கக்கூடும் என்று 1872-இல் வியன்னா நகரத்துக் கபோசி எழுதினார். கோட்டைக் காவலரே கோட்டைக்குள் வாள் வீசினால் எப்படியோ அப்படி, உடலைக் காக்கும் ஆற்றலே உடலைத் தாக்குகிறது. தோலில் ஆறாத் தழும்பு, முடியுதிர்வு, மூட்டுவலி, காய்ச்சல். இருதய உறையிலும் அழற்சி. சிறுநீரகமோ வலியின்றியே கெடும். ஆகவே அதுவே மிகவும் அஞ்சத்தக்கது.

மாணவர்களே, மருந்தின் கதை நம் நீலகிரியையும் நினைவூட்டுகிறது. மலேரியாவுக்காக 1860-களில் நடுவட்டத்தில் சின்கோனா மரங்கள் பயிராயின. அம்மரப்பட்டை தரும் கொயினாவை 1894-இல் லண்டன் மருத்துவர் பெயின் லூபசுக்குக் கொடுத்துப் பயன் கண்டார். 1951-இல் பேஜ் என்பார் மெப்பகிரின் என்னும் செயற்கை மலேரியா மருந்தால் தோல் தேறியதை வெளியிட்டார். அவ்வழி வந்த ஹைட்ராக்சிகுளோரோகுயின் இன்றும் லூபசுக்கு அடிப்படை மருந்து.

அப்பெண் மாத்திரையை விடாமல் உண்டாள். முக்காடிட்டு, வெயில் தாழ்ந்தபின் வயலுக்குச் சென்றாள். தடிப்பு மங்கிற்று. அந்தத் தனிக் குவளை மட்டும் நெடுநாள் திண்ணையிலேயே இருந்தது.