கல்நார் கூரை: ஏத்தத் தெரியும், இறக்கத் தெரியாது

நார் என்றால் எங்க இராஜாக்கமங்கலம் பக்கம் ஒரே அர்த்தம்தான். கதம்பல், அதாவது தேங்காய் மட்டையை ஊறப்போட்டு, அடிச்சு, பிரிச்சு எடுக்கிற தென்னை நார். கயிறு திரிக்கலாம், மெத்தையில திணிக்கலாம், ஒண்ணுமில்லேன்னா அடுப்புல போடலாம். ஆனா இன்னொரு நாரும் எங்க ஊர்ல தலைக்கு மேலேயே இருக்கு. அதை யாரும் நார்னு சொல்றதில்ல. 'ஷீட்டு'ன்னுதான் சொல்லுவோம். ஆஸ்பெஸ்டாஸ். தமிழ்ல அழகா 'கல்நார்'னு பேர் வச்சிருக்காங்க. கல்லுக்குள்ள இருந்து எடுக்கிற நார். இது அடுப்புல போட்டாலும் எரியாது. கிரேக்க மொழியில அந்தப் பேருக்கே 'அணைக்க முடியாதது'ன்னுதான் அர்த்தமாம்.

இந்த நார் நம்ம கூரைக்கு ஏறின கதையையும், அதை இறக்க ஏன் ஒரு வழியும் இல்லேங்கிறதையும்தான் சொல்லப் போறேன். கொஞ்சம் நீளமா போகும், பொறுத்துக்கோங்க மக்கா.

லுட்விக் ஹாட்செக்குன்னு ஆஸ்திரியாவுல ஒருத்தர். சிமெண்டோட பத்துல ஒரு பங்கு அளவுக்கு கல்நாரைக் கலந்து, காகிதம் செய்யற மாதிரி மெல்லிசா தகடு போடுற முறையைக் கண்டுபிடிச்சார். 1901-ல காப்புரிமை கிடைச்சுது. தகட்டுக்கு அவர் வச்ச பேர் 'எடர்னிட்'. நித்தியமானதுங்கிற அர்த்தத்துல லத்தீன்ல இருந்து எடுத்தது. அந்தப் பேர் இவ்வளவு சரியா பலிக்கும்னு அவரே நெனச்சிருக்க மாட்டார்!

இந்தியாவுக்கு இது 1934-ல வந்தது. இங்கிலாந்தோட டர்னர் அண்ட் நியூவால் கம்பெனி பம்பாயில 'ஆஸ்பெஸ்டாஸ் சிமெண்ட் லிமிடெட்'னு தொடங்கினாங்க. 1946-ல ஹைதராபாத்துல ஒரு கம்பெனி. அப்புறம் நம்ம தமிழ்நாட்டுல கோயமுத்தூர் பக்கம் போத்தனூர், வடக்கே அரக்கோணம்னு ஆலைகள் வந்தன.

இப்போ வருஷத்தைக் கொஞ்சம் கவனிங்க. அதே டர்னர் குடும்பத்து ஆலையில, இங்கிலாந்தோட ரோச்டேல் ஊர்ல, கல்நார் நூல் நூற்ற நெல்லி கெர்ஷாங்கிற பொண்ணு 1924-ல நுரையீரல் கெட்டு செத்துப் போச்சு. வயசு 33. கம்பெனி நஷ்டஈடு தர முடியாதுன்னுட்டுது. அந்தம்மா நுரையீரலைச் சோதிச்ச டாக்டர் குக், 1927-ல அந்த நோய்க்கு 'ஆஸ்பெஸ்டோசிஸ்'னு பேர் வச்சார். 1930-ல பிரிட்டிஷ் அரசாங்கமே ஆய்வு பண்ணி அறிக்கை வெளியிட்டுது. 1931-ல கல்நார் ஆலைகளுக்குன்னு தனி விதிமுறை வந்தது. அங்கே சட்டம் வந்து மூணு வருஷம் கழிச்சுத்தான் இங்கே கம்பெனி வந்தது. தெரியாம நடந்ததுன்னு சொல்ல முடியாதுங்கிறதுக்காக இதைச் சொல்றேன்.

அந்த 1931 சட்டத்துல இன்னொரு விஷயமும் இருக்கு. அது ஆலைக்குள்ள பறக்குற தூசிக்கு மட்டும்தான் பொருந்தும். தகடு லாரியில ஏறி ஆலை கேட்டைத் தாண்டிட்டா சட்டம் டாட்டா காட்டிடும். இந்தியாவும் பல வருஷமா அந்தக் கேட்டுலயேதான் நிக்குது.

எங்க ஊருக்கு இது எதுக்கு வந்ததுன்னு நியாயமாவும் பாக்கணும். இராஜாக்கமங்கலம் கடல் பக்கத்து ஊர். தகரம் போட்டா உப்புக்காத்துல சீக்கிரமே துருப்பிடிச்சுப் போகும். ஓலை போட்டா அடிக்கடி மாத்தணும், தீப்பிடிக்கிற பயம் வேற. ஓட்டுக்கு மரச்சட்டம் வேணும், ஆசாரி கூலி வேணும். காங்கிரீட்டுக்குக் காசு வேணும். ஷீட்டு துருப்பிடிக்காது, எரியாது, ரெண்டு ஆளு சேர்ந்தா ஒரே நாள்ல போட்டுடலாம். ஏழைக்கேத்த எள்ளுருண்டை. ஷீட்டு போட்டவங்களை முட்டாள்னு சொன்னா அது அநியாயம்.

2004 ஜூலை 16 ஞாபகம் இருக்கும். கும்பகோணம் பள்ளிக்கூடத்துல ஓலைக்கூரை எரிஞ்சு 94 பிள்ளைங்க போயிட்டாங்க. அதுக்கப்புறம் பள்ளிக்கூடங்கள்ல ஓலைக்கூரை கூடாதுன்னு உத்தரவு வந்தது. ரொம்பச் சரி. ஆனா ஓலையை எடுத்தா மேலே என்ன போடுறது? எரியாததுல விலை குறைஞ்சது ஷீட்டுதானே. ஒரு ஆபத்து நம்ம கண்ணு முன்னால எரிஞ்சது. இன்னொண்ணு இருபது, முப்பது, நாப்பது வருஷம் கழிச்சு நுரையீரல்ல வரும். எதைப் பார்த்து நாம பயப்படுவோம்?

இங்கே ஒண்ணு தெளிவா சொல்லிடறேன், யாரும் ராத்திரி தூக்கம் கெட்டு எழுந்து உக்கார வேண்டாம். நல்லா இருக்கிற ஷீட்டுல நார் சிமெண்டுக்குள்ள மாட்டிக்கிட்டு இருக்கும். உடைக்கும்போதும், மிஷின் போட்டு அறுக்கும்போதும், துளை போடும்போதும், ரொம்ப வருஷம் வெயில் மழையில பொரிஞ்சு போகும்போதும்தான் அது வெளிய வரும். கண்ணுக்குத் தெரியாத மெல்லிசு. உள்ளே போனா உடம்பு அதைக் கரைக்க முடியாது. தென்னாப்பிரிக்காவுல வாக்னரும் கூட இருந்தவங்களும் 1960-ல வெளியிட்ட ஆய்வுதான் மீசோதீலியோமாங்கிற புத்துநோயைக் கல்நாரோட சேர்த்துக் காட்டினது. அதுல சுரங்கத்துல வேலையே பாக்காம, சும்மா பக்கத்துல குடியிருந்தவங்களும் இருந்தாங்க.

ஆக ஷீட்டு மேலே இருக்கிற காலத்தைவிட, அதை இறக்குற அந்த ஒரு நாள்தான் பெரிய ஆபத்து. நம்ம நாட்டுல விதியே இல்லாத நாளும் அதுதான்.

சட்டம் பண்ணதையும் சொல்லணும். அகமதாபாத் நுகர்வோர் அமைப்பு ஒண்ணு 1986-ல உச்ச நீதிமன்றம் போச்சு. 1995 ஜனவரி 27-ல தீர்ப்பு. தொழிலாளியோட ஆரோக்கியம் அரசியல் சட்டத்தோட 21-வது பிரிவு தர்ற வாழ்வுரிமையில சேர்ந்ததுன்னு சொன்ன முக்கியமான தீர்ப்பு அது. வேலையில சேர்ந்ததுல இருந்து 40 வருஷம், இல்லேன்னா வேலையை விட்டு 15 வருஷம், எது பிந்தி வருதோ அதுவரைக்கும் மருத்துவப் பதிவேடு வைக்கணும். நோய் உறுதியானா ஒரு லட்சம் ரூபாய் நஷ்டஈடு. நல்ல தீர்ப்புதான். ஆனா அதுல பேசப்படுற ஆள் ஆலைத் தொழிலாளி. கூரை பிரிக்கிற தினக்கூலிக்கு ஏது பதிவேடு?

கல்நார்க் கழிவை எப்படி அப்புறப்படுத்தணும்னு ஐஎஸ் 11768-ன்னு ஒரு தரக்குறிப்பும் 1986-லயே வந்துட்டுது. எத்தனை கொத்தனார் அதைப் பார்த்திருப்பாங்க? அதே 1986-ல சர்வதேச தொழிலாளர் அமைப்பு கொண்டு வந்த 162-வது உடன்படிக்கை, கல்நார் இருக்கிற கட்டடத்தை இடிக்கிறதை அங்கீகாரம் உள்ளவங்கதான் செய்யணும்னு சொல்லுது. இந்தியா அதுல கையெழுத்துப் போடல. 2016-ம் வருஷத்து அபாயக் கழிவு விதிகள்ல கல்நார் இருக்கு. ஆனா எந்தத் தலைப்புல? கல்நார்ப் பொருள் 'உற்பத்தி'ங்கிற தலைப்புல. மறுபடியும் ஆலை கேட்டு!

இன்னொரு கூத்து. எத்தனை வீட்டுல ஷீட்டு இருக்குன்னு அரசாங்கத்துக்கே தெரியாது. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்புல தகரம், உலோகம், ஆஸ்பெஸ்டாஸ் எல்லாத்தையும் ஒரே கட்டத்துல போட்டு எண்ணினாங்க. நாடு முழுக்க நூத்துக்குச் சுமார் 16 வீடு. அதுல தகரம் எவ்வளவு, கல்நார் எவ்வளவு? டேட்டாபேஸ்ல ரெண்டு வேற வேற விஷயத்தை ஒரே காலத்துல போட்டுட்டா அப்புறம் எந்தக் கொம்பனாலும் பிரிக்க முடியாது. என் தொழில்ல இது பாலபாடம் :-)

எங்க பக்கம் நடக்குறது இதுதான். ஒரு பழைய வீட்டை இடிச்சப்போ பார்த்தேன். ரெண்டு பேரு, மூஞ்சியில ஒரு துவர்த்து. கீழ நின்ன சின்னப் பையன் மேல எல்லாம் வெள்ளைப் பொடி. போல்ட்டு துருப்பிடிச்சு கழலல, அதனால சுத்தியல். இரும்பை ஆக்கர் கடைக்காரர் எடுத்துட்டுப் போனார். ஷீட்டை அவரும் எடுக்க மாட்டார். உடைஞ்ச துண்டெல்லாம் தெருப் பள்ளத்துக்குப் போச்சு, மேலே வண்டி ஓடி ஓடி மாவாச்சு. 2017 நவம்பர் கடைசியில ஒக்கிப் புயல் அடிச்சப்போ நொறுங்கின ஷீட்டும் இப்படித்தான் மண்ணோட மண்ணா போயிருக்கும்.

மத்த ஊர்ல எப்படி? தென்கொரியா நம்ம கதைதான். 1970-கள்ல கிராம முன்னேற்ற இயக்கம்னு சொல்லி, அரசாங்கமே வைக்கோல் கூரையை எடுத்துட்டு கல்நார்க் கூரை போட வச்சது. 2009-ல தடை. 2011-ல கட்டடத்துல இருக்கிற கல்நாரைக் கண்காணிக்கத் தனிச் சட்டம். கூரையை இறக்க வீட்டுக்காரருக்கு அரசாங்கமே பணமும் கொடுக்குது. ஏத்தச் சொன்னவன் இறக்கவும் காசு கொடுக்கான், அதுதானே முறை?

சிங்கப்பூர்ல 1991-க்கு முந்தின கட்டடத்தை இடிக்கணும்னா, முதல்ல தகுதியுள்ள ஆள் வந்து கல்நார் இருக்கான்னு சோதிக்கணும். இது 2014 விதி. ஆஸ்திரேலியாவுல கான்பெரா நகரத்துல 1968-லேர்ந்து 1979 வரைக்கும் ஆயிரத்துக்கு மேல வீட்டுப் பரண்ல ஒரு கம்பெனி கல்நார்ப் பொடியைக் கொட்டிட்டுப் போச்சு. அரசாங்கம் ஒரு தடவை உறிஞ்சி எடுத்துப் பார்த்தது, முழுசா போகல. கடைசியில 2014-ல அந்த வீடுகளையே விலைக்கு வாங்கி இடிக்க முடிவு பண்ணாங்க.

இலங்கைக் கதை இன்னும் சுவாரசியம். 2018-ல இருந்து கல்நார் இறக்குமதிக்குத் தடைன்னு அறிவிச்சாங்க. 2017 டிசம்பர்ல, கல்நார் விக்கிற ரஷ்யா, தேயிலைப் பொதியில வண்டு இருந்துதுன்னு சொல்லி இலங்கைத் தேயிலையை நிறுத்திட்டுது. இலங்கை கல்நார்த் தடையைத் தள்ளி வச்சது. சில நாள்லயே தேயிலைக்கு வழி திறந்துட்டுது. வண்டு எங்கே போச்சோ!

முழுத்தடை வேணுமா வேண்டாமாங்கிறது பெரிய சண்டை; உச்ச நீதிமன்றம் 2011-ல அந்தக் கோரிக்கையைத் தள்ளுபடி பண்ணிட்டுது. பக்கத்துல கேரளத்துல மாநில மனித உரிமை ஆணையம் 2009-ல பள்ளிக்கூட ஷீட்டையெல்லாம் படிப்படியா மாத்தச் சொன்னது. சரி, நாளைக்கே தடை வந்தாலும் ஏற்கெனவே மேலே இருக்கிற ஷீட்டு தானா இறங்கி வராது. அதுக்குப் பெரிய விஞ்ஞானமும் வேண்டாம். வீட்டை இடிக்க எழுதிக் கொடுக்கும்போது ஷீட்டு இருக்கான்னு ஊராட்சி ஒரு கேள்வி கேக்கணும். இறக்கத் தெரிஞ்ச ரெண்டு ஆளை ஒன்றியத்துக்கு ஒன்றியம் பழக்கி விடணும். இறக்கினதைப் போட்டு மூட மாவட்டத்துக்கு ஒரு இடம் வேணும். செலவை வீட்டுக்காரர் தலையில கட்டினா ராத்திரியோட ராத்திரியா குளத்துலதான் கொண்டு போடுவாங்க, அதனால விக்கிறவங்ககிட்டயும் ஒரு பங்கு வாங்கணும்.

அது வர்ற வரைக்கும் நம்ம கையில இருக்கிறதைச் செய்வோம். ஊர்ல பழைய வீட்டைப் பிரிச்சா முதல்ல தண்ணி அடிச்சு நல்லா நனைங்க. உடைக்காம போல்ட்டை மட்டும் அறுத்து, முழுசா இறக்குங்க. பிள்ளைங்களைப் பக்கத்துல விடாதீங்க. வேலை பாக்குறவருக்கு தூசி தடுக்கிற நல்ல முகமூடி வாங்கிக் கொடுங்க, துவர்த்து போதாது. இறக்கினதைக் கனமான பிளாஸ்டிக் தாள்ல சுத்தி வைங்க. பொடியை விளக்குமாறு போட்டுக் கூட்டாதீங்க. துண்டைப் பள்ளத்துக்குப் போடவே போடாதீங்க.

உங்க ஊர்ல இடிச்ச ஷீட்டையெல்லாம் எங்கே கொண்டு போடுறாங்க? தெரிஞ்சா சொல்லுங்க மக்கா. அரசாங்கம் எண்ணாததை நாமளாவது எண்ணத் தொடங்குவோம்.