ஏக்கரைத் தேடி வந்த பணம்: பாயின்செட் கவுண்டியின் பண்ணை நிவாரணம், 1933–2021

பெருந்தொற்றுக் காலத்தில் அமெரிக்க வேளாண் துறை பண்ணைகளுக்குக் கொடுத்த உதவித்தொகை, நெருக்கடியில் அவசரமாகப் பிறந்த திட்டமாகவே பேசப்படுகிறது. ஆர்கன்சா மாநிலத்தின் வடகிழக்கில், நெல்லும் சோயாவும் பருத்தியும் விளையும் பாயின்செட் கவுண்டியின் வரலாறு வேறு கதை சொல்கிறது.

1933இல் பருத்தி விலை படுத்துக் கிடந்தது. விளைச்சலைக் குறைக்க, வளர்ந்து நின்ற பருத்தியில் சுமார் 1 கோடி ஏக்கரை உழுது அழிக்க அரசு பணம் கொடுத்தது. அடுத்து வந்த 1934–35 ஒப்பந்தத்தில், தரிசாகப் போட்ட நிலத்துக்கு வாடகையும் தந்தது. கையெழுத்திட்டவர் நில உரிமையாளர். வாரத்துக்கு உழுதவருக்கு அந்த வாடகையில் பங்கில்லை. சாகுபடி சுருங்கியதும் குடும்பம் குடும்பமாக வெளியேற்றப்பட்டார்கள். 1934 ஜூலையில் இந்தக் கவுண்டியின் டைரான்சாவுக்கு அருகே, ஒரு பள்ளிக்கூடத்தில் 11 வெள்ளையரும் 7 கறுப்பினத்தவரும் ஒன்றாக உட்கார்ந்து தென்பகுதிக் குத்தகை உழவர் சங்கத்தைத் தொடங்கினார்கள். இன ஒதுக்கல் சட்டமாக இருந்த ஊரில் இது சாதாரணத் துணிச்சல் அல்ல. ஒப்பந்தத்துக்கு வாரதாரர் பக்கம் நின்று பொருள் சொன்ன ஜெரோம் ஃபிராங்க் முதலிய அரசு வழக்கறிஞர்கள் 1935 பிப்ரவரியில் வேலையிழந்தார்கள்.

அதே 1933இல் உருவான பண்டக் கடன் கழகம்தான் 2018, 2019 வர்த்தகப் போர் இழப்பீட்டுக்கும் பணம் தந்தது. 2019இல் கவுண்டிக்குக் கவுண்டி ஏக்கருக்கு 15 முதல் 150 டாலர் வரை விகிதம் வைத்தார்கள். 2020 ஏப்ரல் 17 அன்று அறிவிக்கப்பட்ட கொரோனா உணவு உதவித் திட்டத்தில் நேரடித் தொகை 1,600 கோடி டாலர். அதில் 650 கோடி இந்தக் கழகத்துடையது.

கணக்கைச் சற்றுக் கிட்டத்தில் பார்க்கலாம். 2019இல் 20,000 புஷல் சோயா அறுத்து, ஜனவரி 15 வரை ஒரு புஷலுக்கும் விலை பேசாதவர் என்று ஒருவரை வைத்துக்கொள்வோம். பாதி விளைச்சலான 10,000 புஷலே கணக்கில் சேரும். அதில் பாதிக்கு 45 சென்ட், மீதிக்கு 50 சென்ட்: மொத்தம் 4,750 டாலர். முதல் தவணை 80 விழுக்காடு. விண்ணப்பதாரர் தரும் சுய உறுதிமொழியே போதும்.

நெல்லுக்கோ முதல் சுற்றில் ஒன்றுமில்லை. ஜனவரி நடுவிலிருந்து ஏப்ரல் நடுவுக்குள் விலை 5 விழுக்காடு சரிந்திருக்க வேண்டும் என்ற விதி அதை வெளியே தள்ளியது. மாநிலத்தில் நெல் மிகுதியாக விளையும் கவுண்டிகளில் ஒன்றான பாயின்செட்டுக்கு இது பெரிய அடி. செப்டம்பரில் வந்த இரண்டாம் சுற்றில் நெல்லுக்கு ஏக்கருக்கு 15 டாலர் கிடைத்தது. 2021 மார்ச்சில் மேலும் 20 டாலர் அறிவித்தார்கள்.

பணம் விரைந்து சேர்ந்ததை மறுப்பதற்கில்லை. யாரிடம் எத்தனை ஏக்கர், என்ன பயிர் என்ற பதிவு கவுண்டி அலுவலகங்களில் ஆண்டாண்டாக இருந்தது. கூலிக்கு உழைப்பவரின் பெயர் அந்தப் பதிவில் 1934இலும் இல்லை, 2020இலும் இல்லை. என் பார்வையில் நிவாரணத்தின் போக்கைத் தீர்மானித்தது இந்தப் பதிவேடுதான். முதல் சுற்றில் தனிநபர் உச்சவரம்பு 2,50,000 டாலர். கூட்டு நிறுவனமானால் 7,50,000 வரை. பண்ணை, இறைச்சித் தொழிலாளருக்கான உதவி 2021 செப்டம்பரில்தான் அறிவிக்கப்பட்டது: ஆளுக்கு ஒரே முறை 600 டாலர். அதையும் பண்ணைத் தொகைபோல் கவுண்டி அலுவலகம் வழியாகத் தரவில்லை. தொண்டு நிறுவனங்களுக்கும் ஒரு பழங்குடி அமைப்புக்கும் மானியம் கொடுத்து, தொழிலாளரைத் தேடிக் கண்டுபிடிக்கும் பொறுப்பை அவற்றிடம் விட்டார்கள்.