ஆன்ட் ஜெமைமாவின் கையில் துப்பாக்கி

1972இல் கலிஃபோர்னியாவின் பெர்க்லி நகரில் இருந்த ரெயின்போ சைன் என்ற கறுப்பினப் பண்பாட்டு மையம், கறுப்பின நாயகர்களைப் பற்றிய கண்காட்சிக்குப் படைப்புகள் கேட்டது. பெட்யே சார் என்ற பெண் கலைஞர் கொடுத்தது ஓர் அடி உயரம்கூட இல்லாத ஒரு பெட்டி. அதன் பெயர் ‘ஆன்ட் ஜெமைமாவின் விடுதலை’.

பெட்டிக்குள் நிற்பது வெள்ளையர் வீட்டுச் சமையலறைகளில் குறிப்புத்தாள் செருகி வைக்கப் பயன்பட்ட ஒரு பொம்மை. கன்னங்கரிய முகம், தடித்த உதடு, தலையில் கட்டிய துணி, எப்போதும் சிரிப்பு. ஒரு கையில் துடைப்பம். அதை பெட்யே எடுத்துவிடவில்லை. மறுபக்கம் ஒரு துப்பாக்கியைச் சேர்த்தார். முன்னால், குழந்தையை இடுப்பில் வைத்திருக்கும் வேலைக்காரியின் படம். அதை மறித்து ஒரு கறுப்பு முஷ்டி. காலடியில் பருத்தி. பின்சுவர் முழுக்க ஆன்ட் ஜெமைமாவின் விளம்பர முகம்.

அந்த முகம் யாருடையது? 1889இல் பான்கேக் மாவு விற்க வந்த பெயர் அது. வெள்ளையர்கள் முகத்தில் கரி பூசிக் கறுப்பர்களைக் கேலி செய்து ஆடிய மேடைகளிலிருந்து எடுத்தார்கள். 1893 சிகாகோ உலகக் கண்காட்சியில் அந்த வேடத்தில் நின்று மாவு சுட்டவர் நான்சி கிரீன், அடிமையாகப் பிறந்த பெண். ‘எஜமானர் வீட்டில் நாங்கள் சந்தோஷமாகத்தான் இருந்தோம்’ என்று சொல்லும் சிரிப்பு அது. சாட்டையை மறைக்க அதைவிட மலிவான திரை வேறு கிடையாது.

1968இல் மார்ட்டின் லூதர் கிங் கொல்லப்பட்ட கோபம்தான் பெட்யேவை இந்தப் பெட்டிக்குக் கொண்டுவந்தது. கருஞ்சிறுத்தைகள் கட்சி 1966இல் பிறந்த ஓக்லண்ட், பெர்க்லிக்குப் பக்கத்து ஊர். (அந்தப் பெயரை எடுத்துக்கொண்டு பம்பாயில் தலித் பேந்தர்ஸ் தொடங்கியதும் இதே 1972இல்தான்.) கறுப்பினப் பெண்கள் இயக்கம் இந்தப் பெட்டியிலிருந்து தொடங்கியது என்று ஏஞ்சலா டேவிஸ் பின்னாளில் சொன்னார்.

இதுவரை வீரக்கதை. சிக்கல் 1997இல் வருகிறது.

அந்த ஆண்டு 27 வயது காரா வாக்கருக்கு மக்ஆர்தர் விருது கிடைத்தது. கறுப்புக் காகிதத்தை வெட்டி, அடிமைப் பண்ணைகளின் பாலியல் வன்முறையையும் அருவருப்பையும் நிழலுருவங்களாகச் சுவரில் ஒட்டியவர் அவர். பழைய இழிவு உருவங்கள்தான், ஆனால் யார் கையிலும் துப்பாக்கி இல்லை. பெட்யே கொதித்துப்போனார். இந்தப் படங்களைக் காட்டாதீர்கள் என்று பலருக்கும் கடிதம் எழுதினார். வெள்ளையர்களின் கலை உலகம் ரசிப்பதற்காக நம் அவமானம் விற்கப்படுகிறது என்பது அவர் வாதம்.

இழிவுப் பொம்மையைக் கையில் எடுத்தவரே அடுத்த தலைமுறையைத் தடுப்பது முரண் இல்லையா என்று கேட்பவர்கள் உண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. பெட்யேவின் பெட்டி முதலில் நின்றது கறுப்பர்கள் நடத்திய இடத்தில், கறுப்பர்களின் முன்னால். காராவின் சுவர்கள் பெரிய அருங்காட்சியகங்களில். உருவம் ஒன்றுதான்; எதிரே நிற்பவர்கள் வேறு. பறையைச் சாவுக்கு அடிக்க மாட்டோம் என்று மறுத்தவர்களும், அதே பறையை மேடையேற்றியவர்களும் நம்மிடம் உண்டு என்பதால் இது நமக்குப் புரியாத சண்டை அல்ல. ஆனாலும் தடை கேட்டதை என்னால் ஏற்க முடியவில்லை. வீரம் மட்டும்தான் வரலாறு என்றால், சிதைக்கப்பட்ட உடல்களைப் பற்றி யார் பேசுவது?

பெட்யேவின் பயம் வீண் என்றும் சொல்ல முடியாது. 2014இல் புரூக்ளினின் பழைய டாமினோ சர்க்கரை ஆலையில் காரா சுமார் 35 அடி உயரத்தில் ஒரு வெள்ளைச் சர்க்கரைச் சிலை வைத்தார். ஸ்பிங்க்ஸ் போல் படுத்திருக்கும் நிர்வாணக் கறுப்பினப் பெண். தலையில் அதே துணி. கரும்புத் தோட்ட அடிமைகளுக்கான நினைவு அது. வந்தவர்களில் பலர் அதன் மார்பையும் பின்புறத்தையும் காட்டி ஆபாசமாகச் செல்ஃபி எடுத்துப் பரப்பினார்கள்.

2020 மே மாதம் ஜார்ஜ் ஃபிளாய்ட் கொல்லப்பட்டார். அடுத்த மாதமே குவேக்கர் ஓட்ஸ் நிறுவனம் ஆன்ட் ஜெமைமாவைக் கைவிடுவதாக அறிவித்தது. பெட்யே துப்பாக்கி கொடுத்து 48 ஆண்டுகள் கழித்து. அந்த வேடமேற்ற பெண்களின் உறவினர்கள் சிலர் எதிர்த்தார்கள்: எங்கள் பாட்டிகளின் உழைப்பையும் சேர்த்து அழிக்கிறீர்களே என்று. நிறுவனம் படத்தை எடுத்தது, பெயரை மாற்றியது, மாவு விற்பனை தொடர்கிறது.

நான்சி கிரீன் 1923இல் இறந்தார். சிகாகோவில் அவர் கல்லறைக்கு ஒரு பெயர்க்கல்கூட இல்லாமல் இருந்தது. அது வைக்கப்பட்டதும் 2020இல்தான்.