பக்கிங்காம் கால்வாயும் பழவேற்காட்டு நம்மவரும்

பழவேற்காட்டு ஏரியோடு இணைந்து கிடக்கும் பக்கிங்காம் கால்வாயை நம் குலச் சிறார் நாள்தோறும் காண்கின்றனர். அதனை வெட்டுவித்தவர் யாவர், வெட்டியவர் யாவர் என வினவின், முன்னவர் பெயரே ஏட்டில் கிடைக்கின்றது.

1806-ஆம் ஆண்டில் பாஸில் காக்ரேன் என்னும் வெள்ளையர் வணிகர் சென்னையிலிருந்து எண்ணூர் வரை 11 மைல் உப்புநீர்க் கால்வாய் வெட்டுவித்தார். அதற்கு அவர் பெயரே வழங்கிற்று. 1837-இல் அரசாங்கத்தார் அதனை ஏற்று, பின்னர் வடக்கே பழவேற்காட்டுக்கும் அதற்கப்பாலும் நீட்டினர். 1877, 1878 ஆண்டுகளில் பெரும்பஞ்சம் சென்னை மாகாணத்தை வாட்டிற்று. அப்பொழுது பசித்தோர்க்குக் கூலி அளித்து, கூவத்தையும் அடையாற்றையும் இணைக்கும் 8 கிலோமீட்டர்ப் பகுதியை வெட்டுவித்தனர். அந்நாள் கவர்னராகிய பக்கிங்காம் பிரபுவின் பெயர் கால்வாய்க்குச் சூட்டப்பெற்றது. மண் சுமந்த ஏழையரை நினைந்து பெயரிட்டார் ஒருவரும் இலர்.

பெத்தகஞ்சாம் முதல் மரக்காணம் வரை 420 கிலோமீட்டர் நீண்ட அவ்வழியே உப்பும் விறகும் தோணிகளில் சென்றன. 1966, 1976 ஆண்டுப் புயல்கள் அதனைச் சிதைத்தன, பேணுதலும் குன்றிற்று. ஆயினும் 2004-இல் ஆழிப்பேரலையின் வேகத்தைப் பல இடங்களில் அதுவே தணித்தது.

வெட்டுவதோடு நீர்ப்பணி முடிவதன்று. தூர்வாருதல் என்றும் உள்ள கடமையாம். நம் ஏரியின் முகத்துவாரம் மணலால் அடைபடுங்கால் கடல்நீர் வரவு குன்றி, மீனும் இறாலும் அருகும். அதனை முதற்கண் உணர்பவர் அந்நீரில் வலைவீசும் நம்மவரே. ஆதலின் நம் இளைஞர் பொறியியல் பயின்று, முதியோரின் நீரறிவையும் உடன்கொண்டு, இத்தகைய பணிகளுக்குத் தலைமை தாங்குவாராக. மண் சுமப்போர் பெயரையும் அவர்கள் ஏட்டில் எழுதி வைப்பாராக.