சுடுகாட்டு மல்லியும் எங்க வீட்டு மணியும்

போன வருஷம் எங்க மணிக்குத் தொண்டையில கட்டி. டான்சில் புற்று என்றார் கால்நடை மருத்துவர். "அறுத்து எடுத்தா மட்டும் போதாது சார். இது சீக்கிரமே கழுத்து நெறிகட்டி, நுரையீரல்னு போயிடும். கதிரும் குடுக்கணும், ஊசியும் போடணும்."

பொட்டி தட்டுறவன் புத்தி சும்மா இருக்குமா? இந்தக் கூட்டு வைத்தியம் எங்கேயிருந்து வந்ததுன்னு நோண்ட ஆரம்பிச்சேன்.

ஒரு நுனி நம்ம வாசல்லயே இருக்கு: நித்தியகல்யாணி. சுடுகாட்டு மல்லின்னும் பேர் இருக்கிறதால அம்மா வீட்டுக்குள்ள விடமாட்டாங்க. பூர்வீகம் மடகாஸ்கர். 1960 வரை அதுவும் நம்ம புதுச்சேரி மாதிரி பிரெஞ்சுக்காரன் கையில இருந்த ஊர்தான் :-) கனடாவில் நோபிள், பியர் என்ற இருவர் அதன் இலையில் சர்க்கரை நோய்க்கு மருந்து தேடினார்கள். சர்க்கரை அசையவில்லை, எலிகளின் வெள்ளை அணுக்கள்தான் சரிந்தன. 1958-இல் வின்பிளாஸ்டின் வந்தது. அதே செடியின் வின்கிரிஸ்டினுக்கு 1963-இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது.

நம்ம தெருநாய்களுக்கு இணைசேரும்போது தொற்றும் ஒரு புற்று உண்டு. 1876-இல் ரஷ்யக் கால்நடை மருத்துவர் நோவின்ஸ்கி, அதை ஒரு நாயிலிருந்து இன்னொன்றுக்கு ஒட்டிக் காட்டினார். வாரம் ஒரு வின்கிரிஸ்டின் ஊசி, நாலஞ்சு வாரம் போட்டா பெரும்பாலும் கரைஞ்சே போயிடும். தொண்டைப் புற்று அப்படி மசியாது. கதிர் அந்த இடத்தைச் சுடும், தப்பி ஓடினதை மருந்து துரத்தும். சில மருந்துகள் கதிரின் வேலையையே கூட்டும்.

இதை மனுஷங்ககிட்ட சோதிச்சுப் பார்த்ததில் நம்ம சென்னைக்கும் பங்கு இருக்கு. முத்துலட்சுமி ரெட்டி 1954-இல் தொடங்கிய அடையாறு புற்றுநோய் மருத்துவமனையில், டாக்டர் கிருஷ்ணமூர்த்தியும் டாக்டர் சாந்தாவும் கன்னப் புற்றுக்குக் கதிரையும் மருந்தையும் சேர்த்துக் கொடுத்தார்கள். வெத்தலை, புகையிலை போடுற ஊரில் நோயாளிக்கா பஞ்சம்! 1971-இல் 'ரேடியாலஜி' இதழில் அதை வெளியிட்டார்கள்.

நாய்க்குன்னு தனியா யோசிச்சதைவிட, மனுஷனுக்குச் செஞ்சதைக் கடன் வாங்கினதுதான் அதிகம். ஆனா கதிர் மெஷின் கடன் கிடைக்காதே! மணிக்காக நாலு இடம் விசாரிச்சேன், நடக்கலை. அறுவையும் கார்போபிளாட்டின் ஊசியும் மட்டும்தான். அது பிளாட்டினத்திலிருந்து செய்யும் மருந்துன்னு அம்மாகிட்ட சொன்னேன்.

"நாய்க்குப் பிளாட்டினமாடா?"ன்னாங்க. மறுநாள் அவங்களே ஊசிக்குப் பணம் எடுத்துக் குடுத்தாங்க.

ஏழு மாசம் இருந்தான். கடைசி வாரம் வரைக்கும் தயிர்சாதம் இறங்கிச்சு.