ஆர்தர் கூல்டின் ஆட்டவாழ்வு எப்போது முடிந்தது?

வேல்ஸ் ரக்பியின் தொடக்ககால வரலாற்றில் நியூபோர்ட் நகரத்து ஆர்தர் கூல்டின் இடம் ஐயத்துக்கு இடமற்றது. 1885இல் இங்கிலாந்துக்கு எதிராகத் தொடங்கி 27 சர்வதேச ஆட்டங்கள் ஆடினார், 18இல் அணித்தலைவர். 1893இல் இங்கிலாந்து, ஸ்காட்லாந்து, அயர்லாந்து மூன்றையும் வேல்ஸ் முதன்முறையாக ஒரே பருவத்தில் வென்றது அவர் தலைமையில்தான். கருத்து வேறுபாடு தொடங்குவது அவருடைய ஆட்டவாழ்வின் இறுதிக்கட்டத்தில்.

ரசிகர்கள் கூல்டுக்காக ஷில்லிங் ஷில்லிங்காகத் திரட்டிய பாராட்டு நிதியைச் சர்வதேச வாரியம் தொழில்முறை ஆட்டத்துக்கான ஊதியம் எனக் கருதியது. 1897 செப்டம்பரிலோ, இங்கிலாந்து ஒன்றியம் இதை விதிவிலக்கான சூழல் என்று சொல்லி, தன் கீழுள்ள ஆங்கிலக் கழகங்களோடு கூல்ட் ஆடலாம் என இசைந்தது. ஏன் இந்த இளக்கம்?

பின்னாளில் பர்க்கன்ஹெட் பிரபுவான எஃப். ஈ. ஸ்மித், ‘டைம்ஸ்’ இதழுக்கு எழுதிய கடிதத்தில் இதற்குக் காரணம் அச்சமே என்றார். கொள்கையில் உறுதியாக நின்றிருந்தால், ஊதியப் பிரச்சினையில் பிரிந்துபோன வடக்குக் கழகங்களின் ‘வடக்கு ஒன்றியத்தில்’ வேல்ஸ் போய்ச் சேர்ந்திருக்கும். அதைத் தடுக்கவே இந்த ஏற்பாடு என்பது அவர் வாதம். யார்க்‌ஷயர், லங்காஷயர் கழகங்களை ஈவிரக்கமின்றி நசுக்கியவர்கள் இங்கிலாந்தின் மேற்குப் பகுதிக் கழகங்களுக்காக மட்டும் உருகுவதையும் அவர் சாடினார். அநீதியைச் சுட்டியதில் ஸ்மித் சரி. இழந்த கூலிக்கு ஈடு கேட்ட வடக்குத் தொழிலாளருக்கு 1893இல் மறுக்கப்பட்டது, வேல்ஸின் நட்சத்திரத்துக்கு வேறு வடிவில் அனுமதிக்கப்பட்டது. ஆனால் காரணத்தைக் கண்டதில் அவர் பிழைபட்டார் என்பதே என் கருத்து.

1895 ஆகஸ்ட் 29 அன்று ஹடர்ஸ்ஃபீல்டில் வடக்கு ஒன்றியம் பிறந்தபோது ஒரு வேல்ஸ் கழகமும் அங்கில்லை. வேல்ஸிலிருந்து வடக்கே போனவர்கள் தனி ஆட்டக்காரர்கள். ஸ்வான்சியின் ஜேம்ஸ் சகோதரர்கள் மான்செஸ்டர் பக்கம் போய் 1892இல் தடைக்கு உள்ளானார்கள். ஸ்மித்தின் தரப்புக்கு வலுவான சான்று இதுவே. எனினும் ஆட்டக்காரர் போவதும் ஒன்றியமே போவதும் ஒன்றல்ல.

இங்கே கவனிக்க வேண்டியது நிகழ்ச்சிகளின் வரிசை. வேல்ஸ் ஒன்றியம் சர்வதேச வாரியத்தை விட்டு விலகியது 1897 பிப்ரவரியில். நியூபோர்ட்டில் கூல்டுக்குப் பாராட்டு விருந்து நடந்ததோ அவ்வாண்டு ஏப்ரல் 19, ஈஸ்டர் திங்களன்று. அங்கே வேல்ஸ் ஒன்றியத்தின் தலைவரான சர் ஜான் லெவெலின், கூல்டிடம் அந்நிதியில் வாங்கிய வீட்டின் பத்திரத்தைக் கொடுத்தார். ரொக்கமாக மறைவில் கைமாறவில்லை. ஊரறிய, ஒன்றியத் தலைவரின் கையாலேயே வழங்கப்பட்டது. வாரியம் கண்டுபிடித்ததால் வேல்ஸ் வெளியேறவில்லை. வெளியேறிவிட்டுத்தான் பத்திரத்தைக் கொடுத்தது. அமெச்சூர் நெறியைத் துறக்க விரும்பியவர்களின் செயலாக இதை நான் படிக்கவில்லை. அந்நெறிக்கு எல்லை வகுக்கும் உரிமை தங்களுக்கும் உண்டு என்று நிலைநாட்ட விரும்பியவர்களின் செயல் இது.

இங்கிலாந்தின் இளக்கத்துக்கும் அருகிலேயே காரணம் இருக்கிறது. 1886இல் செவர்ன் சுரங்கப்பாதையில் பயணிகள் ரயில் ஓடத் தொடங்கியபின் பிரிஸ்டலுக்கும் தென்வேல்ஸுக்கும் நெருக்கம் கூடியது. பிரிஸ்டல், குளோஸ்டர் போன்ற கழகங்களுக்கு நியூபோர்ட், கார்டிஃப் அணிகளோடான ஆட்டங்கள் நுழைவுச்சீட்டு வருமானம். மேற்குப் பகுதிக் கழகங்கள் இவ்வருமானத்தை இழக்குமே என்ற, ஸ்மித் சாக்குப்போக்கு என ஒதுக்கிய கவலை மெய்யானது என்றே கொள்கிறேன். வடக்கைப் பற்றிய அச்சம் அறவே இல்லை என்று சொல்ல இது போதாது. அதை முதற்காரணமாக்க ஸ்மித்தின் கடிதமும் போதாது.

ஸ்மித் செப்டம்பர் முடிவை மட்டும் பார்த்ததால், வேல்ஸ் கொடுத்த விலை அவர் வாதத்தில் இடம்பெறவில்லை. 1898 பிப்ரவரியில் வேல்ஸ் வாரியத்துக்குத் திரும்பியது. கூல்டை இனி நாட்டு அணியில் சேர்ப்பதில்லை என்பதும் உடன்பாடு. அப்படியும் ஸ்காட்லாந்து அந்தப் பருவத்தில் வேல்ஸோடு ஆடவில்லை.

ஆகவே கூல்டின் சர்வதேச வாழ்வுக்கு இரண்டு முடிவுத் தேதிகள் உள்ளன. கடைசி ஆட்டம் 1897 ஜனவரி 9, நியூபோர்ட்டில். இங்கிலாந்தை 11–0 என வென்ற ஆட்டம். உரிமை முடிந்தது 1898 பிப்ரவரியில். அப்போது அவருக்கு வயது 33; தடை இல்லாதிருந்தாலும் அணிக்குத் திரும்பியிருப்பார் என்று உறுதிகூற முடியாது. பட்டியல்கள் முதல் தேதியையே தருகின்றன. வரலாறு இரண்டாவதையும் சேர்த்துத் தர வேண்டும். அதை விட்டுவிட்டால், வேல்ஸ் வென்றதாகவும் எதையும் இழக்காததாகவும் ஒரு தவறான சித்திரமே எஞ்சும்.